தண்ணீர் வந்த வீடியோ

ராய்கட் பக்கம், சத்தீஸ்கர்
12 நவம்பர் 2024

நர்மதா அக்காவுக்கு ஜீவா எழுதுவது.

உன் நம்பரை நான் பிளாக் செய்தது இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். போனில் பேசினால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய். நானும் சரி போகுது விடுக்கா என்று வைத்துவிடுவேன். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அப்படித்தான் நடக்கிறது. இந்தத் தடவை நடக்கக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன். ஸ்பேர் எடுக்க எங்கள் போர்வெல் ரிக் ஓனர் லாரி ஒன்று திருச்செங்கோட்டுக்குப் போகிறது. டிரைவர் அங்கே தபாலில் போட்டுவிடுவார். பதிலை ஓனர் ஆபீசுக்கு அனுப்பு, அடுத்த லாரியில் எனக்கு வந்துவிடும்.

நேற்று மத்தியானம் சோறு தின்று கொண்டிருந்தபோது தண்டாயுதபாணி அண்ணன் போனை நீட்டினார். எங்கள் ரிக்கை ஓட்டுகிறவர், உனக்குத்தான் தெரியுமே.

"ஏன்டா ஜீவா, மேச்சேரியில உங்கத்தை காட்டுல போர் போட்டமே, வெறும் மண்ணுப் புகைதானே வந்துச்சு? இங்க பாரு, தென்னமரம் உசரத்துக்குத் தண்ணி பீச்சுது!"

பார்த்தேன். நம் யூடியூப் சேனல். நம் கந்தம்மாள் அத்தையின் காடு. அத்தை கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அடுத்த காட்சியில் தண்ணீர் பொங்குகிறது. அது வாழப்பாடியில் வந்த தண்ணீர் அக்கா. நான்தான் எடுத்தேன், எனக்கே அடையாளம் தெரியாதா? ஆயிரம் அடி ஓட்டியும் அத்தைக்கு ஒரு செம்புத் தண்ணீர் வரவில்லை. அத்தை மண்ணில் உட்கார்ந்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அதை வெட்டி எறிந்துவிட்டு வேறு யார் வீட்டுத் தண்ணீரையோ ஒட்டியிருக்கிறாய். ரிக்கில் இருக்கிறவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? உனக்கு வெட்கமாக இல்லையா?

நாங்கள் சும்மா இருக்கவில்லை. வண்டியில் இருக்கிற எல்லோரும் டிஸ்லைக் அழுத்தி, "பொய், பொய்" என்று எழுதிவிட்டோம். ராஜஸ்தானில், ஒரிசாவில் ஓடுகிற நம் ஊர் ரிக் வண்டிக்காரர்களுக்கும் சொல்லிவிட்டேன். கூட்டமாகப் போய் நியாயம் கேட்டால் எவனாக இருந்தாலும் தலை குனிந்துதான் ஆக வேண்டும். அந்த வீடியோ படுத்துவிடும். அதற்குள் நீயே எடுத்துவிட்டால் உனக்கு மரியாதை.

ஜீவா


சூரமங்கலம்
21 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி ஜீவாவுக்கு,

நீ "அன்புள்ள" போடவில்லை, கவனித்தேன். நான் போடுகிறேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் கம்மி.

டேய் மண்டு, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் தெரியுமா? அந்த வீடியோ போட்ட வாரம் ஏழாயிரம் பேர் பார்த்ததோடு மூச்சு விடாமல் கிடந்தது. உன் கூட்டம் வந்து "பொய்" என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தது. இன்றைக்கு மூன்று லட்சம். சேலம், நாமக்கல் பக்கம் போர் என்று தேடினாலே முதலில் நம் அத்தைதான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்.

யூடியூபில் உட்கார்ந்து எண்ணுகிற கணக்குப்பிள்ளைக்குத் திட்டும் பாராட்டும் ஒன்றுதான். எத்தனை பேர் திறந்தார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள், ஏதாவது எழுதினார்களா, இன்னொருவருக்கு அனுப்பினார்களா, இதுதான் அவனுக்கு வேண்டும். ஒரிசா வண்டிக்காரன் வாழப்பாடித் தண்ணீரா என்று பார்க்க நாலு தடவை ஓட்டிப் பார்க்கிறான். இன்னொருவன் அவனோடு சண்டைக்கு வருகிறான். அதைப் படிக்க நூறு பேர் வருகிறார்கள். ஆகா, இங்கே ஏதோ திருவிழா நடக்கிறது என்று கணக்குப்பிள்ளை இன்னும் பத்தாயிரம் பேரைக் கூட்டி வருகிறான். நீ நியாயம் கேட்கவில்லை கண்ணு, நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருக்கிறாய்.

ஏன் ஒட்டினாய் என்று கேட்கிறாய். நீ எடுத்து அனுப்புகிறாய், நான் வெட்டுகிறேன். வெட்டுகிறவளுக்குத்தான் தெரியும், புகை வந்ததும் ஜனம் எப்படி எழுந்து ஓடுகிறது என்று. தண்ணீர் வராத போரை இதுவரை ஆறு தடவை போட்டோம். ஆறும் செத்தன. அதோடு நில்லாமல் அடுத்து வந்த நல்ல வீடியோவையும் கணக்குப்பிள்ளை யாருக்கும் காட்டாமல் கீழே தள்ளிவிட்டான். அத்தை காட்டுக்கு வீடியோவிலாவது தண்ணீர் வரட்டுமே என்று நினைத்தேன் என்றால் நம்புவாயா? பாதி நிஜம். மீதிப் பாதி என்னவென்று உனக்கே தெரியும்.

நாம் தொடங்கிய காலம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இந்த குவார்ட்டர்ஸில்தான் குரல் பதிவு செய்வோம். ஜங்ஷனில் ரயில் வந்து நிற்கும்போதெல்லாம் நிறுத்தி, அது கிளம்பியதும் தொடங்கி, ஒரு நிமிஷப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஆகும். உன் மாமா ரயில்வேக்காரர் என்பதால் எந்த வண்டி லேட் என்று அடுப்படியிலிருந்தே சொல்வார். "இப்ப பேசு, கோயமுத்தூர் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்குது" என்பார். நீ போர்வைக்குள் உட்கார்ந்து "வணக்கம் மக்களே" என்று சொல்லி வேர்த்துப் போய் வெளியே வருவாய். நூறாவது ஆள் பார்த்த அன்று தட்டுவடை செட் வாங்கித் தின்றோமே. மூன்று லட்சம் வந்த அன்று நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். எதுவும் தின்னவில்லை.

பிளாக்கை எடுக்காவிட்டால் போ. நேரத்துக்குச் சாப்பிடு.

நர்மதா


ராய்கட்
4 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டுவிட்டேன், போதுமா?

உன் கடிதத்தைத் தண்டாயுதபாணி அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். "அப்ப திட்டுனாலும் ஏறுமா? இது என்னடா கூத்து!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இனி ஒருவனும் எழுதக் கூடாது என்று எல்லா வண்டிக்கும் சொல்லிவிட்டார். அவர் சொல்லிவிட்டார் என்பதற்காகவே ஏன் எழுதக் கூடாது என்று கேட்டு இன்னும் கொஞ்சம் பேர் எழுதுகிறார்கள். நம் ஆட்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

போர்வை ஞாபகம் இருக்கிறது. அந்தப் போர்வையில் மூட்டைப்பூச்சி இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. முதல் வீடியோவைப் பார்த்தது மொத்தம் பன்னிரண்டு பேர். உட்கார்ந்து பேர் சொல்லிப் பார்த்தோம். நீ, நான், மாமா, ஓனர், மாமாவின் ஆபீசில் மூன்று பேர், இப்படி எல்லோருக்கும் ஆள் கிடைத்தது. ஒருவர் மட்டும் யாரென்று தெரியவில்லை. அப்புறம் அவரே எழுதினார், கத்தாரிலிருந்து. "தம்பி, எங்கப்பாவும் ரிக்குலதான் இருந்தாரு. கம்ப்ரசர் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு. கட் பண்ணாம போடுங்க" என்று. அன்றைக்கு நீ அழுதாய். அழாதே என்று சொல்லிவிட்டு நான் வாசலுக்குப் போய் நின்றேன்.

இப்போது அந்த மூன்று லட்சத்தில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. சாமியாக் கேட்கிறேன், எடுத்துவிடு அக்கா. வேறு எதற்கும் இல்லை, அடுத்த ஆடிக்கு ஊருக்கு வந்தால் அத்தை வீட்டுக்கு நான் போக வேண்டும். அத்தை மகன் வேலு மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்கள் இன்னமும் பக்கத்துத் தோட்டத்தில் கெஞ்சித்தான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள்.

ஜீவா


சூரமங்கலம்
14 டிசம்பர் 2024

ஜீவா கண்ணு,

எடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கையை வைக்கும் நேரத்தில் அத்தையிடமிருந்து போன் வந்தது. இப்போது எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. நிதானமாகப் படி, குதிக்காதே.

வேலு மாமாவுக்குப் பெண் அமைந்திருக்கிறது. ஆமாம், முப்பத்தேழு வயதில். எத்தனை இடத்தில் ஜாதகத்தைக் கொண்டு போயிருப்பார்கள்! எல்லா இடத்திலும் "பையன் என்ன பண்றாப்ல, காட்டுல தண்ணி இருக்குதுங்களா" என்று கேட்டுவிட்டு, மேச்சேரி என்றதும் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த இடம் தானாக வந்தது. பரமத்தி வேலூர், சின்னுசாமி என்று பெயர், ஆற்றோரம் வெற்றிலைத் தோட்டம். பெண் சண்முகப்பிரியா, எம்.காம். படித்துவிட்டு நாமக்கல்லில் கோழித்தீவனக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

தானாக எப்படி வந்தது என்று கேள். சின்னுசாமி ஐயா தோட்டத்துக்குப் புதிதாக ஒரு போர் போடலாம் என்று போனில் தேடியிருக்கிறார். முதலில் வந்து நின்றது நம் அத்தை, கீழே பேரும் ஊரும். தரகர் கொண்டு வந்து கொடுத்த ஜாதகத்திலும் கந்தம்மாள், மேச்சேரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு சரி என்று சொல்லிவிட்டார். நீயும் உன் ஆட்களும் ஏற்றிவிட்டதுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்குக் கீழே பொய் என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், படிக்கவில்லையா என்று தரகர் கேட்டாராம். "பொய்யா இருந்தா மூணு லட்சம் பேரு பாப்பாங்களா?" என்று அவரையே மடக்கிவிட்டாராம்.

வந்து காட்டைப் பார்க்கச் சொன்னால், "அதான் போன்லயே பாத்துப்போட்டனே. மார்கழி போகட்டும். தை பொறந்ததும் வந்து வெத்தல பாக்கு மாத்திக்கலாம்" என்கிறார். அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் நம்ம பொண்ணு போகிற ஊடு என்று அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து லைக் போடுகிறார்கள். எண்ணிக்கை நாலு லட்சத்தை நெருங்குகிறது.

அத்தை போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கண்ணு, அந்தத் தண்ணிய எடுத்துப்போடாதே சாமி. என்ற பையன் தலையில நாலு மசுரு இருக்கறப்பவே ஒரு கண்ணாலத்தப் பாத்துப்போடறேன். தையிக்குள்ள இன்னொரு பாயிண்ட்டுல போர் போட்டா வந்துபோடுமல்லோ? அப்பறம் அது பொய்யே இல்லீல்ல?"

சரிங்கத்தை என்று வைத்துவிட்டேன். உன் மாமா இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. நீயாவது ஏதாவது சொல்.

நர்மதா


அம்பிகாபூர் போகும் வழி
23 டிசம்பர் 2024

அக்கா,

இன்னொரு பாயிண்ட்டா? அந்தக் காட்டில் இன்னும் எத்தனை ஓட்டை போட்டாலும் புகைதான் வரும் என்று அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார். அத்தைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசுகிறார்.

அந்தப் பெண் வெற்றிலைத் தோட்டத்தில் பிறந்தவள். வாய்க்காலில் கால் நனைக்காமல் ஒரு நாள் நடந்திருக்க மாட்டாள். தாலி கட்டிக்கொண்டு வந்து மறுநாள் காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கேங்க தண்ணி என்று கேட்பாள். வேலு மச்சான் என்ன சொல்வார்? எங்க மாமன் மகள் வாழப்பாடியிலிருந்து கொண்டு வந்து ஊற்றினாள் என்றா? ஆயுசு முழுக்க அவர் அந்தப் பெண் முகத்தைப் பார்க்க முடியாது. கல்யாணம் ஆகாமல் இருக்கிறதைவிட அது மோசம்.

எனக்கும் அத்தை மேல் பாசம் இல்லையா? அம்மா போனபிறகு பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் நம்மை மேச்சேரிக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொண்டது யார்? அதனால்தான் சொல்கிறேன்.

நான் எடுத்த முழு பதிவு உன் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நாற்பது நிமிஷத்துக்குக் கிட்டே வரும். வெட்டாமல் அப்படியே போடு. முதலில் வேலு மச்சானிடம் நேரில் போய்ச் சொல். போனில் சொல்லாதே, அழுதுவிடுவாய்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். பிளாக்கை எடுத்துவிட்டேன், ஆனால் கூப்பிடாதே. எழுது.

ஜீவா


சூரமங்கலம்
6 ஜனவரி 2025

அன்புள்ள ஜீவா,

செய்துவிட்டேன். இனி நீ என்னைத் திட்டினாலும் சரி, கொஞ்சினாலும் சரி.

மேச்சேரிக்கு பஸ்ஸில் போனேன். வேலு மாமா பட்டியில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை நிறுத்தவே இல்லை.

"எனக்குத் தெரியும் நர்மதா. தரகர் சொன்னாப்ல. அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போடலாம்னு நாலு வாட்டி நம்பரப் போட்டேன். மணி அடிக்கறதுக்குள்ள வெச்சுப்போட்டேன். அந்தப் புள்ள போட்டோவ அம்மா சாமி படத்துகிட்ட வெச்சிருக்குது, அதப் பாத்தா எனக்குத் தகிரியம் வரல" என்றார். அப்புறம், "நீ முழுசையும் போட்டுரு. அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றார்.

அத்தையை யாராலும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. "உன்ற தம்பி போட்ட ஓட்டையில என்ற குடியே எறங்கிப் போச்சு" என்று வாசலில் நின்று கத்தினார். நான் கிளம்பும்போது வழக்கமாகப் பையில் திணிக்கிற கம்பு மாவு இந்தத் தடவை இல்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டு வந்தது, திட்டு இல்லை.

பழையதை எடுத்துவிட்டு முழு வீடியோவைப் போட்டேன். சின்னுசாமி ஐயாவுக்கு நானே அனுப்பி, அது வாழப்பாடித் தண்ணீருங்க, ஒட்டினது நான்தானுங்க என்று சொல்லியும் விட்டேன். அவர் கத்தவில்லை. "செரிங்கம்மா" என்றார். மறுநாளே தரகர் மூலம் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சேனல் என்ன ஆனது என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். அந்த ஒரு வீடியோவைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் மேலே நின்றிருக்கிறது. அது போனதும் எல்லாம் மளமளவென்று இறங்கிவிட்டது. இப்போது போர் என்று தேடினால் நாம் எங்கேயும் இல்லை. முழு வீடியோவை இதுவரை அறுபது எழுபது பேர் பார்த்திருந்தால் அதிகம். அவர்களும் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி தலையைக் காட்டிவிட்டு எழுந்து போகிறார்கள்.

நேற்று சாயங்காலம் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஒன்றில் நீ பேசும்போது பின்னால் ரயில் கூவுகிறது. எப்படியோ வெட்டாமல் விட்டிருக்கிறேன். எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா அது? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் மாமாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அது ஏற்காடு எக்ஸ்பிரஸ்" என்றார். பேச ஆரம்பித்துவிட்டார்.

நர்மதா


அம்பிகாபூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு இங்கே கம்ப்ரசருக்குப் பொட்டு வைத்து, டீசல் கேன் மேல் இலை போட்டுச் சாப்பிட்டோம். தண்டாயுதபாணி அண்ணன் வைத்த பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேலையில் மனசு இல்லை. சரியான காரியத்தைத்தான் செய்யச் சொன்னேன், ஆனாலும் மச்சானுக்கு அமைந்த ஒரே இடத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்து, நாமே சேர்ந்து பிடுங்கிக்கொண்டோம். வேலு மச்சானுக்குப் போன் செய்தேன். "உடுடா, உன்ற சாப்பாட்டப் பாரு" என்று வைத்துவிட்டார்.

சேனல் போனால் போகட்டும். மறுபடியும் பன்னிரண்டு பேரிலிருந்து தொடங்குவோம். நான் எடுத்து அனுப்புகிறேன், நீ வெட்டு. ரயில் வந்தால் வெட்டாதே.

ஜீவா


சூரமங்கலம்
10 பிப்ரவரி 2025

என் தங்கமே ஜீவா,

இதைப் போனில் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி.

போன வியாழக்கிழமை சேனலில் இருக்கிற நம்பருக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். "நான் பரமத்தி வேலூர் சண்முகப்பிரியா பேசறனுங்க. மேச்சேரிக்குப் போகோணும். எனக்கு வழி தெரியாதுங்க, நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் அவள் அம்மாவும் ஜங்ஷன் பஸ் ஸ்டாப்பில் வந்து இறங்கினார்கள். ஒல்லியான பெண், நிமிர்ந்து பார்க்கிற கண்.

மேச்சேரி பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஓமலூர் தாண்டியதும், "தண்ணி வந்த வீடியோவ எங்கப்பா போட்டுப் போட்டுக் காட்டுனாருங்க. நான் அதுல மாப்பிள்ளையத் தேடுனேன். எங்கியுமே காணம். ஒரு எடத்துல தோளும் துண்டும் மட்டும் தெரிஞ்சுதுங்க" என்றாள்.

உண்மைதான் ஜீவா. நான்தான் வெட்டினேன். சும்மா நிற்கிற ஆளை யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்து வெட்டினேன்.

"அந்த முழுசாப் போட்டீங்களே, அதுலதானுங்க பாத்தேன். தண்ணி வரலைன்னதும் அவங்கம்மாவ எழுப்பி நெழல்ல உக்கார வெச்சாங்க. அப்பறம் வண்டிக்காரங்களுக்கெல்லாம் அவங்களே டீ ஊத்திக் குடுத்தாங்க. ஒருத்தரு, உங்க காசு வீணாப் போச்சுங்களேன்னு சொன்னாருங்க. அதுக்கு, 'மண்ணுக்குள்ள இருக்கறது உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரியும், டீ ஆறிப்போகுது குடிங்க'ன்னாங்க. எங்கப்பாவா இருந்தா அந்நேரத்துக்கு அந்த வண்டியவே கொளுத்தியிருப்பாருங்க."

அவள் அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பி, "ஆமாங்க, கொளுத்தியிருப்பாரு" என்றார்.

அத்தை வீட்டில் நடந்ததை எப்படி எழுதுவது? அத்தை இவர்களைப் பார்த்ததும் கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார். வேலு மாமா ஆட்டுப்பட்டியிலிருந்து அப்படியே வந்து நின்றார், தலையெல்லாம் தழை. பெண்ணைக் காட்டுக்குக் கூட்டிப் போகும்படி அத்தை சொன்னதும் முன்னால் முன்னால் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அந்த வறண்ட போர்க் குழாய்க்கு மூடி போட்டு மேலே ஒரு கல் வைத்திருக்கிறார்கள்.

அவள் அதன் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"ஏனுங்க, அன்னைக்கு எல்லாரும் வண்டிகிட்டப் போனதுக்கப்பறம் நீங்க மட்டும் இங்கியே குத்த வெச்சு உக்காந்திருந்தீங்களே. முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. என்ன பண்ணுனீங்க?"

நீ கேமராவை ஸ்டாண்டில் ஓட விட்டுவிட்டு துளை போட்ட ராடுகளை வண்டியில் ஏற்றப் போய்விட்டாய் போலிருக்கிறது. கடைசி ஆறு ஏழு நிமிஷம் ஒன்றுமே நடக்காது என்று நானே ஒரு நாளும் பார்த்ததில்லை.

வேலு மாமா கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், "அழுதனுங்க" என்றார்.

"நானுந்தானுங்க" என்றாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்கப்பாவ நான் பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குச் சட்டை அளவு என்ன என்று கேட்டார்.

உன் அக்கா
நர்மதா